கொப்போடு வாங்கிய பாலைப்பழம்

போன வருடம் ஆனி மாதம், வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கனகராயன்குளம் தாண்டி, மாங்குளம் வருவதற்குச் சற்று முன்னால் வீதியோரத்தில் ஒரு ஓலைப்பந்தல். அதன் கீழே அலுமினியச் சட்டி நிறையப் பாலைப்பழம். பக்கத்திலேயே பழத்தோடு வெட்டிய கொப்புகளைக் கட்டுக்கட்டாகச் சாத்தி வைத்திருந்தார்கள். சட்டிப் பழத்தை விடக் கொப்பில் இருந்த பழம் புதிதாகத் தெரிந்தது. மஞ்சள் மஞ்சளாய், இலையோடு, பார்க்கவே ஆசையாக இருந்தது. நான் கொப்பைத்தான் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற, யாழ்ப்பாணம் போகும் குடும்பமும் கொப்பைத்தான் வாங்கியது. அவர்கள் அதைப் பிடித்தபடி படமும் எடுத்தார்கள்.

முறிகண்டி தாண்டி ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியபோதுதான் அந்தக் கொப்பின் அடியைப் பார்த்தேன். என் மணிக்கட்டளவு பருமன். கோடாலியால் இரண்டு கொத்து, மூன்றாவதில் முறித்திருக்கிறார்கள். வெட்டுவாயில் பால் வடிந்து, காய்ந்து, வெள்ளைப் பிசினாக நின்றது. பழங்களில் மூன்றில் ஒன்றுதான் மஞ்சள். மற்றதெல்லாம் பச்சைக் காய். நான் நாலைந்து பழத்தைப் பிடுங்கி வாயில் போட்டேன். இனித்தது. மீதியை என்ன செய்வதென்று தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் தின்ன முடியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்பது ஒரு மாதிரியான அந்தரம். அந்த அந்தரம் ஒரு வருடமாகியும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத வேண்டுமென்றால் பெரியம்மாவைப் பற்றியும் எழுத வேண்டும். ஒரு பாலைக் கொப்பின் அடியைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது.

பெரியம்மா விவசாயப் போதனாசிரியராக இருந்தவர். குண்டசாலை விவசாயப் பாடசாலையில் இரண்டு வருடம் படித்து, 1981இல் வேலைக்கு வந்து, 2017இல் ஓய்வு பெற்றார். முப்பத்தாறு வருடமும் வன்னிக்குள்ளேயே. கமக்காரர் அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரை விட இருபது வயது மூத்த கிழவர்களுக்கும் அவர் மிஸ்தான். கறுப்பு லுமாலா சைக்கிள், கரியரில் ஒரு உமல், உமலுக்குள் விதைப் பொட்டலங்கள், ஒரு கொப்பி, மழைக்கு ஒரு பொலித்தீன் உறை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவரை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அவரது உத்தியோகம் நெல், மிளகாய், வெங்காயம், உழுந்து, கச்சான் பற்றியது. பாலைப்பழம் அதற்குள் வராது. அது காட்டுப்பழம், யாரும் பயிரிடுவதில்லை. ஆனால் வன்னியில் வைகாசியிலிருந்து ஆடி வரைக்கும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லாத ஊர்களில், கையில் காசு வருகிற வழி அது ஒன்றுதான். "வயலில்லாத சனத்துக்கு ஆர் போதனாசிரியர்?" என்று அவர் ஒருமுறை கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. தன்னிடமே கேட்டுக்கொண்டார்.

பாலை என்கிற மரம்

வன்னி வாசகர்களுக்குப் பாலையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் பெரியம்மா சொல்லித் தந்த இரண்டொரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இலுப்பை, மகிழ், சப்போட்டா, பாலை எல்லாம் ஒரே குடும்பம். உதட்டில் ஒட்டுகிற அந்தப் பால்தான் குடும்ப அடையாளம். அதிலும் சப்போட்டாவும் பாலையும் மிக நெருங்கிய உறவு. இந்தியாவில் பாலைக் கன்றின் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். வரட்சியைத் தாங்குகிற வேர் பாலைக்குத்தான் இருக்கிறது. மரம் இரும்பு மாதிரி, தண்ணீரில் போட்டால் தாழும். ஒரு காலத்தில் ரயில் தண்டவாளத்துக்குக் கீழே சிலிப்பர்க் கட்டையாகப் போட்டார்கள். அவ்வளவு வைரம் பிடிக்கிற மரம் எவ்வளவு மெதுவாக வளரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. நுவரெலியாவில் விளைகிற ஸ்ட்ரோபெரிக்குப் பெயரில்தான் பெரி இருக்கிறது, தாவரவியலில் அது பெரி வகைக்குள் வராது. எங்கள் பாலைப்பழம் முறைப்படி பெரி. ஒற்றை விதை, மேலே சதை, கனிந்தால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் தின்ன வேண்டும் அல்லது காய்ச்ச வேண்டும். இல்லாவிட்டால் புளித்துவிடும். "உலகமெல்லாம் பெரிக்குத் தோட்டம், குளிரூட்டி லொறி, கண்ணாடிப் பெட்டி. எங்கட பெரிக்குக் கரடியும் யானையும் காவல்" என்பார் பெரியம்மா. காவல் என்று அவர் சொன்னது சும்மா இல்லை. பாலை பழுக்கிற காலத்தில் கரடி மரத்துக்கு மரம் திரியும். பழம் பொறுக்கப் போகிறவர்கள் தனியே போகமாட்டார்கள். நாலைந்து பேராகச் சத்தம் போட்டுக்கொண்டுதான் போவார்கள். போருக்குப் பிறகு கரடியோடு மிதிவெடியும் சேர்ந்துகொண்டது. மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை எந்த மரத்தடி வரைக்கும் போகலாம் என்பதைத் தீர்மானித்த வருடங்கள் இருந்தன.

அவரது முப்பத்தாறு வருடத்தையும் இங்கே எழுத எனக்கு இடமில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் யூரியா உள்ளே வராதபோது, கிளிசரியாத் தழையை வெட்டி வயலில் மிதிக்கச் சொல்லி ஊர் ஊராகத் திரிந்தார். 1995இன் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் வன்னிக்குள் வந்து இறங்கியபோது மரத்தடியிலேயே கத்தரி நாற்று மேடை போடக் கற்றுக்கொடுத்தார். 2009இல் எல்லோரையும் போல அவரும் செட்டிக்குளத்து இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தார். அந்த மாதங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. மீள்குடியேறி வந்ததும், பதிவேட்டைத் திறந்து, ஊரில் எத்தனை வீட்டில் உழைக்கிற ஆண் இல்லை என்று எண்ணினாராம். எண்ணி முடித்ததும் பதிவேட்டை மூடிவிட்டு அன்று வேலை செய்யவில்லை என்று பெரியப்பா சொன்னார்.

2013

இனி நான் சொல்லப்போவது பெரியம்மா தானே சொன்னது. 2022இல், பெட்ரோல் வரிசையில் ஒரு இரவு முழுக்க நின்றோம். கைத்தொலைபேசியில் மின்சாரம் முடிந்து, பேச்சும் முடிந்து, கொசு கடிக்கக் கடிக்க அவர் திடீரென்று இதைத் தொடங்கினார்.

ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட ஒரு ஊர். காட்டோரம். அந்த ஊர் மாதர் சங்கத்துப் பெண்கள் பாலைப்பழம் பொறுக்கி, பேணியால் அளந்து, வீதியில் வைத்து விற்றார்கள். விற்றது போக மீதி கொட்டுப்பட்டது. பெரியம்மாவுக்கு அந்தக் கொட்டுப்படுகிற பழம்தான் கண்ணை உறுத்தியது. தெற்கிலே பழப்பாகு செய்கிற ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தார். கடிதம் எழுதினார், மாதிரி அனுப்பினார், ஆள் வந்து பார்த்தது. 2012இல் மூன்று கிழமை கிலோக் கணக்கில் பழம் எடுத்தார்கள். வாகனம் ஊர் வரைக்கும் வந்தது, காசு கையோடு கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து, கொப்பி, ஒரு வீட்டுக்கு மலசலகூடக் கதவு. பெரியம்மா இதைச் சொல்லும்போது அந்தக் கதவின் நிறத்தைக்கூடச் சொன்னார். பச்சை.

2013இல் அந்த நிறுவனம் இரண்டு மடங்கு கேட்டது. அதுவும் கிழமைக்கு இரண்டு தடவை, குறித்த நாளில். பெரியம்மா சந்தோஷமாகத் தலையாட்டினார். ஆனியில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, பழம் எப்படிச் சேர்கிறது என்று பார்க்க அவர்களோடு காட்டுக்குள் போனார். போகிற வழியிலேயே கோடாலிச் சத்தம் கேட்டதாம். விறகு வெட்டுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

போய்ப் பார்த்தால், இரண்டு பேர் கட்டிப் பிடிக்கிற பருமனில் ஒரு பாலை, தலை மொட்டையாக நின்றது. கூலிக்கு வந்த இரண்டு பெடியள் மேலே நின்று கொப்பு கொப்பாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கீழே, விழுந்த கொப்புகளுக்கு நடுவே பெண்கள் குந்தியிருந்து மஞ்சள் பழத்தை மட்டும் ஆய்ந்தார்கள். பாலை ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரு கொப்பிலேயே இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம், அடுத்த கிழமைக்குக் கொஞ்சம் என்று கனியும். வெட்டிய கொப்பில் இன்றையது மட்டும் பெட்டிக்குப் போகும். நாளையதும் அடுத்த கிழமையதும் பச்சையாகக் காலுக்குள் நெரிபட்டுக் கிடந்தன. நடக்கிற இடமெல்லாம் செருப்பில் பால் ஒட்டியது. அந்த வரிசையில் ஏழு மரம் அப்படி நின்றதாம்.

"ஏன் பிள்ளையள் வெட்டினனீங்கள்?" என்று கேட்டார்.

"வெட்டாமல் என்ன செய்யிறது மிஸ்? ஏறிப் பறிக்க எங்கட வீட்டில ஆர் இருக்கினம்?"

அந்தப் பதிலுக்குப் பிறகு தனக்கு வாய் எழும்பவில்லை என்றார். ஆண் இல்லாத வீடுகளைப் பதிவேட்டில் எண்ணியவர் அவர். அந்த வீட்டுப் பெண்களால் பாலையில் ஏற முடியாது என்பது அவருக்குத் தெரியும். பொறுக்குகிற பழத்தால் நிறுவனம் கேட்கிற கிலோ வராது என்பதும், பெடியள் கொப்புக் கணக்கில் கூலி வாங்குவார்கள் என்பதும் யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். எல்லாம் தனித்தனியாகத் தெரிந்திருந்தும், மூன்றையும் சேர்த்து ஒரு தரம் அவர் யோசிக்கவில்லை. வாகனத்தை ஊருக்குள் கொண்டுவந்த கைதான் கோடாலியையும் கொண்டுவந்தது என்றார். அன்று அவர் யாரையும் ஏசவில்லை. விழுந்த பழம் வீணாகக்கூடாது என்று தானும் குந்தியிருந்து மத்தியானம் வரைக்கும் ஆய்ந்தார்.

அடுத்த நாள் அவர் செய்ததுதான் எனக்கு இன்னும் தீராத விஷயம். நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்து, இனிப் பழம் தர முடியாது என்று சொல்லிவிட்டார். பெண்களைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுத்தான் ஊருக்குப் போனார். மாதர் சங்கத்துக் கொட்டிலில் கூட்டம். மூன்று பிள்ளைகளோடு தனியே இருந்த ஒரு பெண் எழும்பி, "உங்களுக்கு மாசம் முடியச் சம்பளம் வரும் மிஸ். எங்களுக்குப் பாலை காய்க்கிற நேரம்தான் மாசம்" என்றாள். யாரும் அவளை இருத்தவில்லை. பெரியம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு வீட்டுக்காரர் அதற்குப் பிறகு அவரோடு கதைக்கவே இல்லை.

அந்தப் பெண் சொன்னது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மரத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பெரியம்மா நினைத்ததும் சரி. ஆனால் அந்தச் சரிக்கான விலையை, சம்பளம் வாங்குகிற ஒருவர், சம்பளம் இல்லாத இருபத்துமூன்று பெண்களின் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். முதலில் கொட்டிலில் கூடி, பிறகு தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். இதை அந்த வரிசையில் நின்றபோதே அவரிடம் சொன்னேன். "ஓம் பிள்ளை, முறை மாறிப் போச்சு" என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை.

படங்கு

இடமாற்றம் கேட்டிருக்கலாம். ஓய்வுக்கு நாலு வருடம்தான் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு நெல்லைப் பார்த்திருக்கலாம். அவர் அடுத்த வருடமும் அதே கொட்டிலுக்குப் போனார். முதல் நாள் ஆறு பேர்தான் வந்தார்கள். மூன்று பிள்ளைக்காரி அந்த ஆறில் ஒருத்தி.

படங்கு யோசனை பெரியம்மாவுடையது இல்லை, அந்தப் பெண்ணுடையது. இதைப் பெரியம்மா ஒவ்வொரு தடவையும் திருத்திச் சொல்வார். மீள்குடியேறிய காலத்தில் கூரைக்குக் கட்டிய படங்கு (தார்ப்பாய்), தகரம் கிடைத்த பிறகு எல்லா வீட்டிலும் மடித்துக் கிடந்தது. அதை மரத்தடியில் விரித்து, நாலு மூலையிலும் கல்லு வைத்து, நீளமான கொக்கத்தடியால் சின்னக் கொப்புகளைப் பிடித்து உலுக்குவது. கனிந்தது விழும், பச்சை நிற்கும். மூன்றாம் நாள் திரும்பிப் போனால் அதே மரத்தில் இன்னொரு தரம் விழும். ஏற ஆள் தேவையில்லை, கூலிப் பங்கும் இல்லை. மண்ணும் சருகும் ஒட்டாத பழம் என்பதால் பேணிக்குக் கொஞ்சம் கூடக் கேட்கலாம்.

கேட்க லேசாக இருக்கிறது. ஆனால் விடிய முன்னமே போக வேண்டும், வெயில் ஏறினால் பழம் குழையும். கரடி வந்து போன மரத்தடி என்றால் படங்கைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். கொக்கத்தடியை ஒரு மணித்தியாலம் தலைக்கு மேலே பிடித்துப் பார்த்தால் தெரியும், நான் பிடித்துப் பார்த்தேன். பதினைந்து நிமிடத்தில் தோள் விட்டுப்போனது. சேர்கிற பழம் வெட்டிச் சேர்த்ததில் பாதிகூட வராது. அதனால் பெரியம்மா மிச்சத்தைப் பாணி காய்ச்சப் பழக்கினார். பழத்தைப் பிசைந்து, கடகத்தில் தேய்த்து விதையைக் கழித்து, மெல்லிய நெருப்பில் அகப்பையை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதலில் பால் நுரைத்துப் பொங்கும், அதை வழித்து எடுத்துவிட வேண்டும். பிறகு நிறம் கருப்பட்டி மாதிரி இறங்கும். அகப்பையிலிருந்து நூலாக விழும்போது இறக்கினால் போத்தலில் அடுத்த காலபோகம் வரைக்கும் இருக்கும். அந்தப் போத்தல்களை அவர் உமலில் வைத்துக் கந்தோர் கந்தோராகக் கொண்டுபோய் விற்றார். சக உத்தியோகத்தர்கள் அவரைக் கண்டால் ஒளிக்கத் தொடங்கினார்கள் என்று பெரியப்பா சொல்லுவார்.

2017இல் ஓய்வு பெறும்போது அந்த ஊரில் பதினாலு பேர் படங்கோடு போனார்கள். இருபத்துமூன்றில் பதினாலு. மற்றவர்கள் இன்னும் வெட்டினார்கள், அல்லது காட்டுக்குப் போவதையே விட்டார்கள். தன் வளவு வேலியோரம் பெரியம்மா நாற்பது பாலை விதை போட்டார். பதினொன்று தப்பிப் பிழைத்து நிற்கிறது. இன்னும் ஒன்றும் காய்க்கவில்லை. தான் தின்னப்போவதில்லை என்று தெரிந்தும் கோடையில் பின்னேரம் அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.

2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோது, இயற்கைப் பசளை பற்றிக் கேட்கக் கமக்காரர் பெரியம்மா வீட்டுப் படலையில் வந்து நின்றார்கள். 90களில் கிளிசரியா மிதிக்கச் சொன்ன அதே மிஸ் சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். அவர் கோபத்தில் நடுங்கினார். "நிலத்தைக் கேட்டவையோ? சனத்தைக் கேட்டவையோ? மண் திரும்பப் பழக எத்தனை போகம் வேணும் எண்டு ஆரும் கேட்டவையோ?" கார்த்திகையில் அந்தத் தடையை எடுத்தார்கள், அதற்குள் சேதம் நடந்து முடிந்திருந்தது. அப்போது எனக்கு 2013 தெரியாது. தெரிந்த பிறகுதான் அந்தக் கோபத்தில் பாதி அவர் மீதே இருந்தது என்று விளங்கியது.

இந்த வருடம் ஆனியில் மறுபடி அதே வழியால் போனேன். மாங்குளத்தில் திரும்பி, முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம். பெரியம்மாவின் அந்த ஊருக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை, அவர் இந்தப் பகுதியில் வேலை செய்ததும் இல்லை. ஒரு வாகை மர நிழலில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பொடியன் ஒருத்தன் மேசை போட்டு இருந்தான். ஒரு பக்கம் கொப்பு, ஒரு பக்கம் சுளகில் பழம்.

"கொப்போட எண்டால் நூற்றைம்பது. சுளகில இருக்கிறது பேணி இருநூறு" என்றான்.

"ஏன் அது கூட?"

"அது படங்குப் பழம் அண்ணா. அம்மா விடிய எழும்பிப் போய் உலுக்கினது. கொப்பு மாமா ஆக்கள் வெட்டினது."

"படங்கு விரிக்க அம்மாவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் அவனுக்குச் சங்கடம். "எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்" என்றான்.

இரண்டு பேணி வாங்கினேன். ஒன்று பெரியம்மாவுக்கு. அவர் சுளகில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, காம்பு கழன்ற இடத்தில் பால் காய்ந்திருப்பதைக் கண்டார். பிறகு உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, உதட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.